டிவியில் அறிவியல் பேசிப் பிழைக்க முடியுமா?

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். இயற்பியலில் முதுகலை முடித்திருக்கிறீர்கள். தொலைக்காட்சியில் அறிவியல் செய்தியாளராகி, பிறகு நிகழ்ச்சித் தொகுப்பாளராக வேண்டும் என்று ஆசை. அதற்கு முனைவர் பட்டம் வேண்டுமா, இதழியல் படிப்பு வேண்டுமா, இல்லை முகமும் குரலும் இருந்தால் போதுமா என்பது முதல் கேள்வி. இதை நம்பி வாழ்நாளை ஓட்ட முடியுமா என்பது இரண்டாவது. கேமராவைப் பார்த்தாலே கை நடுங்குகிறது, அது என்றைக்காவது போகுமா என்பது மூன்றாவது. இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தபோது, இவற்றுக்கு அடியில் நீங்கள் கேட்காமல் விட்ட இன்னொன்று இருப்பதாகப் பட்டது: திரையில் தெரிகிற அந்த ஆள் நாள் முழுக்க என்னதான் வேலை செய்கிறார்? அது தெரியாமல் மற்றதற்குப் பதில் சொன்னால் பாதிதான் புரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் என் முகம் திரையில் வந்ததே கிடையாது. நிகழ்ச்சிக்குத் தகவல் திரட்டுபவன், ஸ்கிரிப்ட் எழுதுபவன், செய்தி டெஸ்க்கில் 'அறிவியல்னா அவன்கிட்ட கொடு' என்று தள்ளிவிடப்படுபவன். அப்புறம் களத்தில் செய்தியாளன். கடைசி எட்டு ஆண்டுகளாக வாரம் ஒருமுறை வரும் அரைமணி நேர நிகழ்ச்சியின் தொகுப்பாளன். காட்டுயிர் ஆவணப்படங்களில் நான் வேலை செய்ததில்லை. ஒரு காட்சிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் அந்த உலகம் வேறு மாதிரி இயங்குவது. நான் சொல்வது செய்தி அறையும் ஸ்டுடியோவும் சார்ந்தது மட்டும்.

முதலில் ஒரு கணக்கு. செய்தியில் அறிவியலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு நிமிடம். அதில் இரண்டு பைட், அதாவது பேட்டியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு, தலா இருபது விநாடி. நீங்கள் கேமராவைப் பார்த்துப் பேசும் பி.டி.சி. இன்னொரு இருபது விநாடி. மிச்சம் ஒரு நிமிடம்தான் பின்னணிக் குரல். நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்தில் நூறு, நூற்றுப்பத்து தமிழ்ச் சொற்கள் போகும். பத்துப் பதினைந்து பக்க ஆய்வுக் கட்டுரை, அதன் பின்னால் இருக்கும் பல ஆண்டு உழைப்பு, அந்தத் துறைக்குள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் சண்டை எல்லாவற்றையும் அந்த நூறு சொல்லுக்குள் அடைக்க வேண்டும். எதைச் சொல்வது என்பது பெரிய கஷ்டம் இல்லை, எதை விடுவது என்பதில்தான் தலைவலி. 'எலிகளிடம் நடந்த சோதனையில்' என்ற மூன்று சொல்லை வெட்டினால் இரண்டு விநாடி மிச்சமாகும், வாக்கியமும் கம்பீரமாகிவிடும். ஆனால் அதை வெட்டிய நொடியிலேயே செய்தி பொய்யாகிவிடுகிறது. எந்த மூன்று சொல்லை வெட்டக் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதும், எடிட் அறையில் அதற்காக மல்லுக்கு நிற்பதும்தான் இந்த வேலையின் பெரும்பகுதி. திரையில் தெரிவது அதன் கடைசி ஓரம்.

அந்தச் சொற்களை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய ஆய்விதழ்கள் கட்டுரைகளை முன்கூட்டியே செய்தியாளர்களுக்குக் கொடுக்கும், குறிப்பிட்ட நாள், மணிக்கு முன்னால் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. எம்பார்கோ என்பார்கள். 1996இல் தொடங்கிய யுரேக்அலர்ட் போன்ற தளங்கள் இதை இன்னும் எளிதாக்கிவிட்டன. கையில் கிடைக்கும் அந்தச் சில நாட்களில் பலரும் செய்வது, பல்கலைக்கழகம் அனுப்பிய செய்திக்குறிப்பைத் தமிழில் எழுதி வைப்பது. நீங்கள் செய்ய வேண்டியது வேறு. கட்டுரையைத் திறந்து முதலில் 'செய்முறை' பகுதியைப் படியுங்கள்: எத்தனை பேர், எத்தனை நாள், எதோடு ஒப்பிட்டார்கள்? அடுத்து, கட்டுரையில் பெயர் இல்லாத, ஆனால் அதே துறையில் இருக்கும் ஒருவருக்குப் போன் போடுங்கள். 'இது முக்கியமான ஆய்வா?' என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார். 'இதில் உங்களுக்கு எது உறுத்துகிறது?' என்று கேளுங்கள். ஒரு விநாடி மௌனம் வரும். அதற்குப் பிறகு வருவதுதான் உங்களுக்குத் தேவையானது.

தமிழில் வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாகச் சில குழிகள் உண்டு. புள்ளியியலில் 'சிக்னிஃபிகன்ட்' என்று ஒரு சொல் இருக்கிறது. தற்செயல் மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு வேறுபாடு தென்படுவது அரிது என்பதுதான் அதன் பொருள். வேறுபாடு பெரியது என்று அது சொல்வதில்லை. அதைக் 'குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது' என்று எழுதினால் கேட்பவர் காதில் 'நிறையக் குறைந்தது' என்றுதான் விழும். நானே பல வருஷம் அப்படி எழுதியிருக்கிறேன். எண்கள் இன்னொரு குழி. ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி, பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். எழுதிப் பார்க்கும்போது எளிதாகத்தான் இருக்கும். புல்லட்டின் தொடங்க நாலு நிமிடம் இருக்கும்போது மாற்றிப் பாருங்கள், ஒரு சைபர் எங்கேயோ காணாமல் போயிருக்கும். என் மேஜையில் இன்றைக்கும் மில்லியன், பில்லியன் கணக்கு எழுதிய அட்டை ஒட்டியிருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் விட ஆபத்தான சொல் 'இரட்டிப்பு'. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது: சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்த உறைவு ஏற்படும் அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று. செய்தி அப்படியே பரவியது, பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் அந்த அபாயம் 7,000 பெண்களில் ஒருவருக்கு என்பதிலிருந்து இருவருக்கு என்று ஏறியிருந்தது. இரட்டிப்பு என்பது பொய் இல்லை. ஆனால் கர்ப்பத்தில் வரும் இரத்த உறைவு அபாயம் அந்த மாத்திரையால் வருவதை விட அதிகம் என்பது அந்தக் கூச்சலில் மறைந்துபோனது. அடுத்த ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் மட்டும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டார்கள். எவரும் பொய் சொல்லாமலே இவ்வளவும் நடந்தது. ஒரே ஒரு எண்ணை, அந்த ஏழாயிரத்தை, வாக்கியத்தில் வைக்காமல் விட்டதன் விலை அது. நான் பயிற்சி கொடுக்கும் இளைஞர்களுக்கு முதல் நாள் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சரி, இனி கொஞ்சம் மல்லுக்கு நிற்பதைப் பற்றி. 2011 செப்டம்பரில் ஓபரா என்ற ஆய்வுக் குழு ஒரு முடிவை வெளியிட்டது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு அனுப்பிய நியூட்ரினோக்கள், ஒளி வந்திருக்க வேண்டிய நேரத்துக்கு 60 நானோ விநாடி முன்னதாக வந்துவிட்டதாக அளவீடு காட்டியது. குழுவே தயங்கித் தயங்கித்தான் சொன்னது: நாங்கள் தேடிப் பார்த்துவிட்டோம், பிழை கிடைக்கவில்லை, நீங்களும் பாருங்கள். அப்போது நான் டெஸ்க்கில் இருந்தேன். ஒளியை எதுவும் முந்த முடியாது என்பது ஐன்ஸ்டீன் கொள்கை, அதனால் 'ஐன்ஸ்டீன் தோற்றார்' என்று ஃப்ளாஷ் போடச் சொன்னார் என் மேலதிகாரி. தொகுத்துக் கூறும் பொறுப்பில் இருந்தவருக்கும் அதுதான் பிடித்திருந்தது. நான் வேண்டாம் என்றேன். கால் மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது ஒரு கேள்விக்குறி: 'ஐன்ஸ்டீன் தோற்றாரா?' சில மாதங்கள் கழித்து, சரியாகப் பொருத்தப்படாத ஒளியிழைக் கேபிள் ஒன்று பிழைக்குக் காரணமாக இருந்தது தெரியவந்தது. 2012இல் செய்த மறு அளவீடுகளில் நியூட்ரினோக்கள் ஒழுங்காக ஒளியின் வேகத்தைத் தாண்டாமல் வந்தன. என் கேள்விக்குறி என்னைக் காப்பாற்றியதா? இல்லை என்றே இன்றைக்கு நினைக்கிறேன். கேள்விக்குறி போட்டாலும் பார்ப்பவர் மனதில் பதிவது தோல்வி என்ற சொல்தான். 'விநோதமான அளவீடு, சரிபார்க்கக் கேட்கிறார்கள் விஞ்ஞானிகள்' என்று போட்டிருந்தால் அதுவும் விறுவிறுப்பான செய்தியாகத்தான் இருந்திருக்கும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்ற இதழியல் பாடத்தை அறிவியலில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவது. 1998 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் குழுவினரின் கட்டுரை வந்தது. பன்னிரண்டே குழந்தைகள். அதை வைத்து தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு என்ற சந்தேகம் கிளம்பியது. பல ஆண்டுகள் ஸ்டுடியோக்களில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் நெறியாளர் என்று உட்காரவைத்தார்கள். லட்சக்கணக்கான குழந்தைகளை ஆராய்ந்து தொடர்பு இல்லை என்று கண்ட ஆய்வுகளும் அந்தப் பன்னிரண்டு பேரும் தராசில் சமமாகத் தெரிந்தார்கள். 2010இல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2011இல் மரபியலாளர் ஸ்டீவ் ஜோன்ஸ் பிபிசியின் அறிவியல் செய்திகளை ஆராய்ந்து கொடுத்த அறிக்கையும் இந்தப் போலிச் சமநிலையைச் சுட்டிக்காட்டியது. விவாதம் வைத்தால் பரபரப்பு, ரேட்டிங்கும் வரும், செலவும் குறைவு. அதனால் உங்கள் மீது அந்த அழுத்தம் வந்துகொண்டே இருக்கும். 'எதிர்த்தரப்பு யார்?' என்று கேட்பார்கள். சில சமயம் எதிர்த்தரப்பு இருக்காது. அதைச் சொல்லத் துணிவு வேண்டும், சொல்வதற்கு ஆதாரத்தைப் படித்திருக்கவும் வேண்டும்.

படங்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பத்திரிகையில் எழுதுபவருக்கு இல்லாத தொல்லை இது. உங்கள் நூறு சொல்லுக்கும் மேலே ஏதாவது காட்சி ஓட வேண்டும். 2017 பிப்ரவரியில் சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக அறிவித்தார்கள். நீலமும் பச்சையும் பழுப்புமாக ஏழு அழகான உருண்டைகள் உலகம் முழுக்கத் திரைகளில் ஓடின. அத்தனையும் ஓவியம். உண்மையில் வானியலாளர்கள் பார்த்தது, கோள்கள் குறுக்கே கடக்கும்போது அந்த விண்மீனின் ஒளி லேசாகக் குறைந்து மீண்டதை மட்டுமே. இரண்டு ஆண்டு கழித்து, 2019 ஏப்ரல் 10 அன்று, எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்திலுள்ள கருந்துளையின் படம் வந்தது. சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவு, எட்டு ரேடியோ தொலைநோக்கிகள், 1.3 மில்லிமீட்டர் அலைநீளம். மங்கலான ஆரஞ்சு வளையம். 'இவ்வளவுதானா?' என்றார் எங்கள் கிராஃபிக்ஸ் தம்பி. புகைப்படம் மாதிரி இருந்த கோள்கள் ஓவியம், குழந்தை தீட்டியது மாதிரி இருந்த வளையம் அளவீடு. அதிலும் அந்த ஆரஞ்சு நிறம் மனிதர்கள் தேர்ந்தெடுத்துப் பூசியது, ரேடியோ அலைக்கு நிறம் ஏது? திரையின் ஓரத்தில் 'கலைஞரின் கற்பனை' என்று சின்ன எழுத்தில் போட்டால் எவரும் படிப்பதில்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சியில் நான் அதைச் சொல்லும்போதெல்லாம் அழகு போகிறது என்று என் தயாரிப்பாளர் முகத்தைச் சுளிப்பார். எனக்கென்னவோ அந்தச் சின்ன ஒளிக்குறைவிலிருந்து ஏழு கோள்களைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் ஓவியத்தை விட அழகாகப் படுகிறது.

நேரலையில் இன்னொரு திறமை தேவைப்படுகிறது: தெரிந்தது முடிந்த இடத்தில் வாயை மூடுவது. 2014 நவம்பர் 12 அன்று ஃபிலே என்ற சிறு ஆய்வுக்கலம் வால்நட்சத்திரம் ஒன்றின் மேல் இறங்கியது. சமிக்ஞை பூமிக்கு வந்து சேரவே சுமார் 28 நிமிடம் ஆகும் தூரம். தரைதொட்ட செய்தி வந்ததும் கட்டுப்பாட்டு அறையில் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். பிறகுதான் தெரிந்தது, நங்கூரமாகப் பாய வேண்டிய ஈட்டிகள் பாயவில்லை, கலம் பந்து மாதிரி எகிறி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிதந்து, ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போய் நிழலில் விழுந்திருக்கிறது. 'வெற்றிகரமாக இறங்கியது, ஆய்வைத் தொடங்கிவிட்டது' என்று அன்று சொன்னவர்கள் மறுநாள் விழுங்க வேண்டியிருந்தது. 'தரைதொட்டதற்கான சமிக்ஞை வந்திருக்கிறது' என்றவர்களுக்குத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. 1986இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73ஆவது விநாடியில் சிதறியபோது நாசாவின் அறிவிப்பாளர் பெரிய கோளாறு நடந்திருப்பது வெளிப்படை என்ற அளவோடு நின்றார். காரணத்தைத் தொடவில்லை. அந்தப் பதிவை இளம் தொகுப்பாளர்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். நான் இப்போதும் விண்கலம் இறங்கும் நேரலைக்கு மூன்று தாள் எழுதி வைப்பேன்: வெற்றி, தோல்வி, எதுவும் தெரியவில்லை. மூன்றாவது தாள்தான் எப்போதும் நீளமானது. சமிக்ஞை நின்றுபோய் அரைமணி நேரம் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும்போது, காதில் இயர்பீஸ் வழியாக 'பேசுங்க, பேசுங்க' என்று கத்திக்கொண்டிருப்பார்கள். ஊகிக்காமல் பேச அந்தத் தாளில் சரக்கு இருக்க வேண்டும்: இந்தக் கலம் எப்படி வேகத்தைக் குறைக்கிறது, தகவல்தொடர்பு எந்த வழியாக வருகிறது, இதற்கு முன் இப்படி நின்றுபோய்த் திரும்ப வந்தவை எவை.

இப்போது உங்கள் முதல் கேள்வி, படிப்பு. வரலாற்றைப் பார்த்தால் இரண்டு பாதையிலும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். காஸ்மோஸ் தொடரைத் தொகுத்த கார்ல் சேகன் வானியலாளர். யஷ் பால் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர், தூர்தர்ஷனில் சிறுவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே வீட்டுப் பெரியவர் மாதிரி ஆனவர். ஜெர்மனியில் ரங்கா யோகேஷ்வர் இயற்பியல் படித்து ஆராய்ச்சியிலும் இருந்துவிட்டு இதழியலுக்கு வந்தவர். பிபிசியின் டுமாரோஸ் வேர்ல்ட் அறிவியல் நிகழ்ச்சியை இருபது ஆண்டுகள் தொகுத்த ஜூடித் ஹான் படித்தது விலங்கியல். மறுபக்கம், அப்போலோ பயணங்களை பிபிசியில் விளக்கிய ஜேம்ஸ் பர்க் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது ஆங்கிலம். சிஎன்என்னின் விண்வெளிச் செய்தியாளராக இருந்த மைல்ஸ் ஓ'பிரையன் வரலாறு படித்தவர். இத்தாலியில் அறிவியல் நிகழ்ச்சி என்றாலே நினைவுக்கு வந்த பியேரோ ஆஞ்செலா செய்தியாளராகத் தொடங்கியவர். 1957 ஏப்ரலிலிருந்து 2012இல் இறக்கும் வரை ஒரே வானியல் நிகழ்ச்சியைத் தொகுத்த பேட்ரிக் மூர் பல்கலைக்கழகப் பக்கமே போகவில்லை. நடுவில் ஒரே ஒரு மாதம்தான் வரவில்லை, அதுவும் உணவு நச்சால்.

இதிலிருந்து எனக்கு உறுதியாகப் படுவது இவ்வளவு: முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை, உங்கள் முதுகலையே தேவைக்கு மேல். பட்டம் கொடுக்கும் நன்மை விஞ்ஞானியைப் பார்த்து பயம் வராது என்பது. தீமையும் அதேதான், தெரிந்த துறை என்று நினைத்து முட்டாள்தனமான கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுவோம். இயற்பியல் படித்தவர் நோய்த்தடுப்பியல் கட்டுரையை எடுத்தால் என்னைப் போலவே தடுமாறுவார், அப்படித் தடுமாறுவதுதான் வேலையில் பெரும்பாலான நாட்கள். இதழியல் படிப்பு பற்றி எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. அதில் கிடைக்கும் சட்டம், நெறிமுறை, எடிட்டிங் எல்லாவற்றையும் நல்ல டெஸ்க் ஒன்றில் ஒன்றரை ஆண்டில் கற்கலாம். ஆனால் நல்ல டெஸ்க் உங்களுக்கு வாய்க்குமா என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஒன்று மட்டும் படித்தே ஆக வேண்டும் என்றால் புள்ளியியல் படியுங்கள். முகம், குரல் பற்றி: தெளிவான உச்சரிப்பு தேவை, லகர, ளகர, ழகரம் சரியாக வர வேண்டும். முகத்துக்கு ஒரு வரையறையும் இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் தேர்வு அறையில் முகத்தைப் பற்றி, அதிலும் பெண்களின் வயதைப் பற்றி, நடக்கும் பேச்சை நேரில் கேட்டவன் நான். அந்தப் பேச்சு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் முகத்தை நம்பி வந்தவர்கள் மூன்று நான்கு ஆண்டில் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள், எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாழ்நாளை ஓட்ட முடியுமா? நேராகச் சொல்கிறேன்: ஒரே நிறுவனத்தில், ஒரே பதவியில் ஓட்ட முடியும் என்று நம்ப வேண்டாம். ஓ'பிரையன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் சிஎன்என்னில் சேர்ந்தார். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடம் சிதறியபோது மணிக்கணக்கில் நேரலையில் நின்றவர் அவர்தான். விண்வெளி ஓடத்தில் தானே பறப்பதற்கான பேச்சுவார்த்தையில் வேறு இருந்தார், விபத்தோடு அது முடிந்தது. 2008 டிசம்பரில் அந்த நிறுவனம் அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் பிரிவையே மூடியது. உலகறிந்த முகம், ஒரே முடிவில் வெளியே. பிறகு சொந்தமாகத் தயாரித்து, பொதுத் தொலைக்காட்சிக்குச் செய்தி செய்து திரும்பி வந்தார். அவரால் திரும்ப முடிந்ததற்குக் காரணம், படம்பிடிக்க, எழுத, தயாரிக்க எல்லாம் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். செலவைக் குறைக்க வேண்டிய ஆண்டில் செய்தி நிறுவனங்கள் முதலில் கை வைக்கும் இடங்களில் அறிவியல் பிரிவும் ஒன்று. என் நிகழ்ச்சியே இரண்டு முறை நிறுத்தப்பட்டு மீண்டது. அந்த இடைவெளிகளில் பாடத்திட்ட வீடியோக்கள் எழுதினேன், வானொலிக்குக் குரல் கொடுத்தேன், கருத்தரங்குகளைத் தொகுத்தேன்.

கருத்தரங்கு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மருந்து நிறுவனங்களும் தொழில்நுட்ப நிறுவனங்களும் தங்கள் விழாவைத் தொகுத்துத் தரச் சொல்லிக் கூப்பிடும். ஒரு மாலைக்கு ஒரு மாத வருமானம் தருவார்கள். போனால், அடுத்த மாதம் அவர்கள் மருந்து பற்றிய செய்தியில் உங்கள் கை தானாகவே கொஞ்சம் மென்மையாக எழுதும். நான் ஒருமுறை போனேன், எழுதியதைப் பிறகு படித்தபோது தெரிந்தது. அப்புறம் போகவில்லை. கல்லூரி, அருங்காட்சியகம், ஆய்விதழ் விழாக்களோடு நிறுத்திக்கொண்டேன். தொலைக்காட்சிக்குப் பதில் யூடியூபில் தொடங்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஜெர்மனியில் மாய் தி நூயென்-கிம் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, யூடியூபில் பெயரெடுத்து, பிறகு யோகேஷ்வரின் இடத்தில் தொலைக்காட்சித் தொகுப்பாளராக வந்தார். அந்தப் பாதை இப்போது திறந்திருப்பது உண்மை. ஆனால் அங்கே 'அந்த மூன்று சொல்லை வெட்டாதே' என்று சண்டை போட மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. அதைத் தனியாகச் செய்ய ஒழுக்கம் வேண்டும். பத்தாண்டு கழித்து தொலைக்காட்சி எப்படி இருக்கும், கணினியே ஸ்கிரிப்ட் எழுதி வாசித்துவிடுமா என்றெல்லாம் கேட்டால், நான் ஆரூடம் சொல்கிறவன் இல்லை.

கடைசியாக அந்தக் கை நடுக்கம். அது போகாது. எனக்குப் போகவில்லை, கைகளை மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். நடுக்கத்தில் பாதி, சொல்லப்போவது வாயில் பழகாததால் வருவது. ஜேம்ஸ் பர்க்கின் புகழ்பெற்ற காட்சி ஒன்று உண்டு, 1978இல் வந்த கனெக்‌ஷன்ஸ் தொடரில். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்துப் பற்றவைத்தால் என்ன கிடைக்கும் என்று பேசிக்கொண்டே கையை நீட்டுவார், நீட்டிய திசையில் வாயேஜர் விண்கலத்தைச் சுமந்த ராக்கெட் அந்த விநாடி சரியாகக் கிளம்பும். இன்னொரு டேக் எடுக்க ராக்கெட் திரும்பி வராது. தொடர்ந்து சில முறை பாருங்கள், கண்ணைப் பார்க்காமல் வாக்கியங்களின் நீளத்தைக் கவனியுங்கள். ஒவ்வொன்றையும் விநாடிக் கணக்கில் அளந்து வைத்திருக்கிறார் என்பது புரியும்.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று. வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை எடுங்கள். நூறு சொல்லில் எழுதுங்கள். கண்ணால் படிக்காமல் வாய்விட்டு வாசியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். போனில் பதிவு செய்து, அறிவியலில் துளியும் ஆர்வம் இல்லாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அரைமணி நேரம் கழித்து 'என்ன சொன்னேன்?' என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதுதான் நீங்கள் சொன்ன செய்தி, தாளில் இருப்பது இல்லை. நீங்கள் 'சாத்தியம்' என்று எழுதியதை அவர் 'கண்டுபிடிச்சுட்டாங்களாம்' என்றால் திரும்ப எழுதுங்கள். இப்படி முப்பது சேர்ந்த பிறகு அதில் நல்லதாக மூன்றை எடுத்து ஷோரீல், அதாவது உங்கள் வேலையைக் காட்டும் மாதிரி வீடியோ, செய்து, ஏதாவதொரு டெஸ்க்குக்கு அனுப்புங்கள். தொகுப்பாளர் வேலை என்று கேட்காதீர்கள், தகவல் திரட்டும் வேலை கேளுங்கள்.

தவறு வரும், அதற்கும் தயாராக இருங்கள். தொகுப்பாளரான முதல் ஆண்டில் ஒரு விண்மீனைப் பற்றிப் பேசும்போது 'பல ஒளியாண்டுகளுக்கு முன்பு நடந்தது' என்று காலமாகச் சொல்லிவிட்டேன். ஒளியாண்டு தூரம் என்று எனக்குத் தெரியாதா என்ன! எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கடிதம் எழுதியிருந்தாள், 'சார்' என்று மரியாதையாகத் தொடங்கி, ஒரு ஒளியாண்டு சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் என்று முடித்து. அடுத்த வாரம் நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே கடிதத்தை வாசித்துத் திருத்தினேன், பன்னிரண்டு விநாடி பிடித்தது. தயாரிப்பாளர் அதைக் கடைசியில் வைக்கலாமே என்றார். தவறைச் சொன்னது நிகழ்ச்சியின் நடுவில், அப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடைசியில் வைத்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள் என்றேன். அவர் ரன் ஆர்டரை, அதாவது நிகழ்ச்சியில் எது எப்போது வரும் என்ற வரிசையை, மாற்றிக்கொடுத்தார்.